சனிக்கிழமைக் குடுவை

செப்டம்பர் 22, திங்கள்

கோழித்தீவனக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. எட்டு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றுதான் பிரிக்கிறேன். காரணம், மெஹருன்னிசாவின் கடைசி மூன்று மாதம் நாளை தொடங்குகிறது. அவள்தான் ஆராய்ச்சி செய்கிறாள், பட்டமும் அவளுக்குத்தான். ஆனால் என்னமோ பரீட்சை எனக்கு என்பது போல இருக்கிறது.

நான் நாமகிரி. நாமக்கல்லில் ஒரு மருந்தியல் கல்லூரியில் பத்தொன்பது வருடமாக லேப் உதவியாளர். ஆராய்ச்சி மாணவர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். பாதிப் பேருக்கு பிப்பெட்டைப் பிடிக்கவே நான்தான் கற்றுக் கொடுத்தேன். டாக்டர் பட்டம் வாங்கின பிறகு பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் அடையாளம் தெரியாதது போலப் போவார்கள். மெஹர் அப்படிப் போக மாட்டாள் என்று தோன்றுகிறது. பார்ப்போம்.

அவள் வேலை இதுதான். மருந்தை உள்ளே வைத்து மூடிய கொழுப்புக் குமிழி ஒன்று உண்டு. லைப்போசோம் என்று பெயர். தலைமுடியின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதைச் செய்ய லெசித்தின் என்ற கொழுப்பு வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் சுத்தமான லெசித்தின் யானை விலை. நம் ஊரிலோ தடுக்கி விழுந்தால் முட்டை. அதில் ஓடு விரிசல்விட்ட முட்டையைக் கடைக்காரர்கள் வாங்குவதில்லை. அந்த விரிசல் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்தே லெசித்தினை எடுத்து நல்ல லைப்போசோம் செய்யலாம் என்று நிரூபிக்க வேண்டும். ஐந்து வருடமாக அதற்குத்தான் உழைக்கிறாள்.

மூன்று பேட்ச் செய்து, ஃப்ரிட்ஜில் தொண்ணூறு நாள் வைத்து, மூன்றும் ஒரே மாதிரி கெடாமல் இருக்க வேண்டும். டிசம்பர் 31க்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. இனிமேல் கிடையாது என்று பல்கலைக்கழக ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

முதல் பேட்ச்.

மொபெட்டில் முட்டை விற்கும் பாப்பாயி கொண்டுவந்த விரிசல் முட்டைகளிலிருந்து போன மாதமே லெசித்தின் எடுத்து வைத்தாயிற்று. மஞ்சள் கருவை அசிட்டோனில் அலசி அலசி வேண்டாத கொழுப்பைக் கழற்றி, ஆல்கஹாலில் கரைத்து, மறுபடி குளிர்ந்த அசிட்டோனில் கொட்டினால் வெளிர் மஞ்சளில் மெழுகு மாதிரி அடியில் தங்கும். மூன்று தட்டு முட்டைக்கு மூன்று பழுப்பு பாட்டில். ஒவ்வொன்றிலும் இரண்டு கிராம். காற்றுப் படாமல் நைட்ரஜன் ஊதி உறைபெட்டியில் வைத்திருக்கிறோம்.

இன்று அதில் அறுநூறு மில்லிகிராம். கொலஸ்ட்ரால் நூற்றைம்பது. பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து கொஞ்சம். கெடாமல் இருக்க வைட்டமின் ஈ ஒரு துளி. எல்லாவற்றையும் குளோரோஃபார்மில் கரைத்து, வட்டக் குடுவையில் ஊற்றி, சுழலவிட்டுக் காற்றை உறிஞ்சினால் குளோரோஃபார்ம் ஆவியாகிவிடும். குடுவையின் உட்சுவரில் மெல்லிசாக ஒரு படலம் மட்டும் மிஞ்சும். அதில் வெதுவெதுப்பான நீரை ஊற்றிச் சுழற்றினால் படலம் உரிந்து உரிந்து, தண்ணீர் பால் போல வெளுக்கும்.

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. யாரும் தைக்கவில்லை, ஒட்டவில்லை. தானாகவே கோடிக்கணக்கில் உருண்டைகள்.

"ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ரெண்டு வால் இருக்குதுக்கா" என்று மெஹர் முதல் வருடமே சொல்லித் தந்தாள். "தலைக்குத் தண்ணின்னா உசுரு. வாலுக்குத் தண்ணியே ஆகாது."

"என்ற நாத்தனாரும் அவ புருசனுமாட்ட" என்றேன்.

"அதேதான். ரெண்டையும் ஒரே ஒடம்புல கட்டி வச்சுட்டான் ஆண்டவன். தண்ணில போட்டா என்ன பண்ணும்? வாலெல்லாம் உள்ள ஒண்ணு சேந்துக்கும். தலையெல்லாம் வெளிய தண்ணியப் பாத்துக்கும். ரெண்டு அடுக்கா நின்னு வட்டமா வளைஞ்சு மூடிக்கும்."

"அப்பறம் கொலஸ்ட்ரால் எதுக்கு கண்ணு? அதைய ஒடம்புல கொறைக்கத்தான டாக்டருங்க மாத்திரை குடுக்கறாங்க?"

"இங்க அதுதான்க்கா முட்டுக் குடுக்கறது. வாலுக நடுவுல போய் நின்னுக்கும். சந்து விடாது. அது இல்லீன்னா மருந்து கசிஞ்சு போயிரும்."

கடையில் வாங்கும் மருந்தை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் போகிறோம். உள்ளே இத்தனை சாமர்த்தியம் இருக்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

இரண்டாவது பேட்சும் ஆயிற்று. மெஹர் சந்தோஷத்தில் வடை வாங்கிக் கொடுத்தாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

மெஹரின் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தார்கள், திடீரென்று நாளைக்கு மாற்றிவிட்டார்கள். சேலம் போக வேண்டும். குமிழியின் அளவைப் பார்க்கும் இயந்திரமும் சேலத்தில்தான். அதற்குத் திங்கட்கிழமை முறை வாங்கி வைத்திருக்கிறோம். அதை விட்டால் நவம்பரில்தான்.

"மூணாவதை நாளைக்கு நீங்களே செஞ்சுருங்கக்கா. நீங்க இருக்கறீங்கன்னுதான் தைரியமாப் போறேன்."

நாளை புரட்டாசிச் சனி. எங்களுக்குக் குலதெய்வம் பெருமாள். புரட்டாசி முழுக்க வீட்டில் கவிச்சி கிடையாது. அந்த மாதத்துச் சனிக்கிழமைகளில் முட்டையைக் கையாலும் தொட மாட்டேன். மற்ற நாளில் ஆயிரம் முட்டை உடைத்த கைதான், அது வேறு.

போன வருடம் இதைச் சொல்லித் தொலைத்தேன். மெஹரின் வழிகாட்டிப் பேராசிரியர் சென்னியப்பன், முதலாண்டுப் பிள்ளைகள் முப்பது பேர் எதிரில், "ஏம்மா, பெருமாள் வந்து பீக்கருக்குள்ள எட்டிப் பாக்கறாராக்கும்?" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெஹர் அன்று ஊரில் இல்லை. அதன் பிறகு லேபில் விரதம் என்று நான் வாயைத் திறந்ததில்லை. சனிக்கிழமைகளில் லீவு போட்டுவிடுவேன்.

இன்றும் திறக்கவில்லை. "செரி கண்ணு, போய்ட்டு வா" என்றேன்.

செப்டம்பர் 27, சனி

தலைக்குக் குளித்து, பெருமாளுக்குத் தளிகை போட்டுவிட்டு, பத்து மணிக்கு லேபுக்குப் போனேன்.

மூன்றாவது பேட்ச் நல்லபடியாக முடிந்தது. படலம் கண்ணாடி போல விழுந்தது.

விரதத்துக்குக் குறைவில்லை. முட்டை பாட்டிலை நான் தொடவில்லை. அலமாரியில் சோயா லெசித்தின் டப்பா இருக்கிறது. அதிலும் அதே லெசித்தின்தான், பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. பதிவேட்டில் வழக்கம் போல எழுதிவிட்டேன். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

காலையில் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய மாதிரிகளைப் பார்த்துவிட்டு, சேலத்திலிருந்து மெஹர் போனில் கத்தினாள். குமிழிகளின் அளவு 118, 121, 124 நானோமீட்டர். மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி!

நான் சொல்லவில்லையா? லெசித்தின் லெசித்தின்தான்.

அக்டோபர் 3, வெள்ளி

கொலஸ்ட்ரால் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். பாட்டிலைத் துடைத்து வைக்கும்போது லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்து கண்ணில் பட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். செம்மறி ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுத்ததாம்.

பெருமாளே!

மெஹரிடம் கேட்டேன். "ஆமாக்கா, ரோமத்த அலசறப்ப ஒரு பிசுக்கு வரும். அதுலருந்து எடுக்கறாங்க. ஏன்?"

"அப்ப சனிக்கெழம கூட..." என்று வாய் தவறி வந்துவிட்டது.

"சனிக்கெழம என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. உங்கம்மாவுக்குக் கண்ணு தெரியுதா?"

ரோமம்தானே, ஆட்டை வெட்டியா எடுத்தார்கள்? கம்பளி போர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போவதில்லையா? பரவாயில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அக்டோபர் 18, சனி

புரட்டாசி முடிந்தது. விடிந்ததும் விடியாததுமாக வீட்டுக்காரருக்கு ஆம்லெட். முட்டை லாரி ஓட்டுகிற மனுஷன், மாதம் முழுக்கப் பார்த்துப் பார்த்து ஏங்கியிருப்பார்.

அக்டோபர் 27, திங்கள்

முப்பதாம் நாள் சோதனை. முதல் இரண்டு பேட்சும் போன வாரமே பார்த்தாயிற்று. குமிழியிலிருந்து கசிந்த மருந்து நூற்றுக்கு மூன்று, நான்கு. அருமை.

மூன்றாவதில் பதினான்கு.

மெஹர் மறுபடி பார்த்தாள். மூன்றாவது முறையும் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் பீக்கர்களைக் கழுவினேன். கழுவினதையே திரும்பவும் கழுவினேன்.

அக்டோபர் 29, புதன்

"தீபாவளிக்கு ரெண்டு மணி நேரம் கரண்டு போச்சில்ல கண்ணு. ஃப்ரிட்ஜு சூடாயிருக்கும்" என்றேன்.

கரண்டு போனது நிஜம்தான்.

நவம்பர் 6, வியாழன்

இந்தப் பெண் ஒரு வாரமாக ஃப்ரிட்ஜின் ஒவ்வொரு தட்டிலும் வெப்பமானி வைத்து மணிக்கு ஒரு முறை குறிக்கிறாள். ஃப்ரிட்ஜை வேண்டுமென்றே இரண்டு மணி நேரம் அணைத்து வைத்தும் பார்த்தாள். ஒன்றரை டிகிரிதான் ஏறியது. "அப்படியே சூடாயிருந்தாலும் மூணு குடுவையும் ஒரே தட்டுலதான இருந்துச்சு? ஒண்ணு மட்டும் எப்படிக்கா கெடும்?" என்றாள்.

பிறகு தண்ணீரைச் சோதித்தாள். குளோரோஃபார்மை, கொலஸ்ட்ராலை, வைட்டமின் ஈ-யைச் சோதித்தாள். ஒன்றிலும் பழுதில்லை. ஒரு பொருளைச் சந்தேகப்பட்டால் அதற்கு நியாயம் கிடைக்கும் வரை விட மாட்டேன் என்கிறாள். போலீஸ்காரர்களுக்கு இவள் பாடம் எடுக்கலாம். பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு வேலைக்காரியை நான் பார்த்ததில்லை. எழுதும்போதே பெருமையாக இருக்கிறது.

நவம்பர் 12, புதன்

இன்று மூன்றாவது பாட்டில் லெசித்தினில் ஒரு துணுக்கு எடுத்து, கலவையைப் பிரித்துக் காட்டும் தகட்டில் ஓட்டிப் பார்த்தாள். தங்கமாக இருந்தது. இருக்காதா பின்னே?

"பாட்டில்ல இருக்கறது நல்லாருக்கு. குடுவைல போனது மட்டும் கெட்டுருக்கு. அது எப்படிக்கா?"

"குடுவைல இருக்கறதயே ஓட்டிப் பாத்தா என்ன?" என்று பேராசிரியர் கேட்டார். ஆனால் மிச்சம் இருப்பது அறுபதாம் நாள், தொண்ணூறாம் நாள் சோதனைக்கு மட்டுமே போதும் என்று மெஹர் தடுத்துவிட்டாள்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அன்னிக்கு நீ இல்லியே மெஹர். இந்தம்மா எடைய கிடைய மாத்திப் போட்டிருந்தா?"

மெஹருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். "சார், அவங்க செஞ்சா நான் செய்யறத விடச் சுத்தமா இருக்கும். அவங்களச் சந்தேகப்படறதுன்னா என் மொத ரெண்டு பேட்சையும் சந்தேகப்படுங்க."

நான் அங்கேதான் நின்றேன்.

நவம்பர் 26, புதன்

அறுபதாம் நாள். மூன்றாவதில் கசிவு முப்பத்தொன்று. மூடியைத் திறந்ததும் பலகாரம் சுட்ட பழைய எண்ணெய் வாசம்.

மெஹர் பாடப் புத்தகத்தைப் படித்துக்காட்டினாள். கொழுப்பின் வாலில் வளைவுகள் இருக்குமாம். முட்டை லெசித்தினில் ஒரு வால் நேராக நிற்கும், இன்னொன்றில் பெரும்பாலும் ஒரு வளைவோடு சரி. அதனால் நெருக்கி அடுக்கலாம். வளைவுகள் அதிகமானால் இடைவெளி விழும், காற்று பட்டுச் சீக்கிரம் காறிப்போகும். "சோயா மாதிரி எண்ணெய் வித்துல இருந்து எடுத்தா அப்படித்தான் ஆகும். ஆனா இது முட்டையாச்சேக்கா!"

லெசித்தின் லெசித்தின்தான் என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன். ஒரே பெயர் வைத்துவிட்டால் ஒரே ஆள் ஆகிவிடுமா? ஊரில் எத்தனை நாமகிரி இருக்கிறார்கள்.

டிசம்பர் 3, புதன்

எல்லாவற்றையும் சோதித்துவிட்டாள். என்னைச் சந்தேகப்பட மாட்டேன் என்கிறாள். அப்படியானால் மிச்சம் இருப்பது முட்டை ஒன்றுதான்.

விரிசல் வழியாகக் காற்று போய், நம் சோதனையில் தெரியாத ஏதோ ஒரு கோளாறு உள்ளேயே தொடங்கியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டாள். பாப்பாயியைக் கூப்பிட்டு, இனி முட்டை வேண்டாம் என்று சொன்னாள். பாப்பாயி மொபெட்டை விட்டு இறங்கக்கூட இல்லை.

"ஏங் கண்ணு, என்ற முட்டைல என்ன கொற? ஒவ்வொண்ணா வெளக்கு வெளிச்சத்துல பாத்துத்தான அடுக்கறேன்? அன்னன்னிக்கு வெடிச்சதுதான் குடுக்கறேன்."

"உங்க மேல தப்பில்லீங்கம்மா."

"தப்பில்லீன்னா எதுக்கு வேண்டாங்கறே?"

மெஹரிடம் பதில் இல்லை. என்னிடம் இருந்தது. அவள் வண்டி கேட்டைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 10, புதன்

பேராசிரியருக்கு இந்த முடிவில் திருப்திதான். "வராதுன்னு தெரிஞ்சாலும் அது ஒரு முடிவுதான். எழுதி பைண்டு பண்ணு. பட்டம் வந்துரும்" என்றார்.

அவர் சொல்வதைத்தான் நானும் ஒரு வாரமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் பேசாமல் இருந்தால் மெஹர் டாக்டர் ஆகிவிடுவாள். பேசினால் மூன்றாவது பேட்ச் செல்லாது. திரும்பச் செய்து தொண்ணூறு நாள் காத்திருக்க நேரமில்லை, பதிவே ரத்தாகிவிடும். ஆக, வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குத்தான் நல்லது. என் வேலை போகும் என்ற பயத்தில் சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

யாரும் சொல்ல முடியாது. நான் சொல்லலாம்.

மத்தியானம் கடைசி அத்தியாயத்தைப் படித்துக்காட்டினாள். ஆங்கிலத்தில் எழுதியதை எனக்காகத் தமிழில் சொன்னாள். "விரிசல் முட்டை லெசித்தினை நம்பி லைப்போசோம் மருந்து தயாரிக்க இயலாது." ஐந்து வருடம். அந்த ஒரு வரியைச் சொல்லும்போது அவள் குரல் தட்டையாக இருந்தது.

பிறகு முதல் பக்கத்தைப் புரட்டினாள். நன்றி சொல்லும் பக்கம். ஆண்டவனுக்கும் அப்பா அம்மாவுக்கும் அடுத்து, பேராசிரியருக்கும் முன்னால் என் பெயர். "ஒரு மில்லிகிராம்கூடப் பிசகாத கைகளுக்கு."

தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

லீவு. நாள் முழுக்க மாவு அரைத்தேன், துணி துவைத்தேன், பரணை ஒழித்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நன்றிப் பக்கம்தான்.

டிசம்பர் 12, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலையில் லேபில் வேறு யாரும் வரவில்லை. மெஹர் கணினியில் பக்க எண் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே மூச்சில் சொன்னேன். "மூணாவது பேட்ச்சுல முட்ட லெசித்தின் போடலை கண்ணு. சோயா போட்டேன். அன்னிக்குப் புரட்டாசிச் சனி. பதிவேட்டுல முட்டைன்னு பொய்யா எழுதுனேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது, "எத்தன மில்லிகிராம்?"

"அறுநூறு."

எழுந்து போய் உறைபெட்டியிலிருந்து மூன்றாவது பாட்டிலை எடுத்தாள். பனி துடைத்து, அறை வெப்பத்துக்கு வர அரைமணி நேரம் காத்திருந்தாள். தராசில் வைத்தாள். பதிவேட்டின்படி உள்ளே ஆயிரத்து நானூறு மில்லிகிராம் இருக்க வேண்டும். பாட்டில் எடை போகத் தராசு கிட்டத்தட்ட இரண்டாயிரம் காட்டியது. தகட்டில் ஓட்ட எடுத்த துணுக்குத்தான் குறைந்திருந்தது.

"நீங்க சொன்னத நம்பாம இல்லக்கா. எடை பாக்கணும்" என்றாள்.

பிறகு உட்கார்ந்தாள். "ஏன்க்கா எங்கிட்டச் சொல்லலை?"

"சார் அன்னிக்குச் சிரிச்சாரு..."

"நான் சிரிச்சனா?"

நான் தராசின் கதவைச் சாத்தினேன்.

"நோம்பு மாசம் பூரா மத்தியானத்துக்கு மேல என்னை நிக்கவே விடாம நீங்கதான எல்லா வேலையும் பாத்தீங்க? நான் கேக்கக்கூட இல்லை. உங்களோட ஒரு சனிக்கெழமைய நான் பாத்துக்க மாட்டனா? ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஞாயித்துக்கெழம காலைல பஸ்ஸேறி வந்து செஞ்சிருப்பேன்."

நான் அழுதேன். அவள் தேற்றவில்லை. அது சரிதான். பதிவேட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

டிசம்பர் 15, திங்கள்

பேராசிரியர் அறையின் கதவு சாத்தியிருந்தும் வராந்தா வரைக்கும் கேட்டது.

"பதினாறு நாள்தான் இருக்குது! அவ சொன்னது எனக்கும் கேக்கல, உனக்கும் கேக்கல. பைண்டு பண்ணிக் குடு."

"தெரிஞ்சுபோச்சுங்க சார். இனி எப்படி அந்த வரிய என் பேர்ல போடறது? முட்டைல தப்பே இல்ல."

"பட்டம் போயிரும் பாத்துக்க."

"போனாப் போகுதுங்க சார்."

வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. நிமிர்ந்துதான் நடந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். இவள் கால் தூசிக்கு இந்தக் கட்டடத்தில் ஒருவரும் காணாது, நான் உள்பட.

நானும் முதல்வருக்குக் கடிதம் எழுதினேன். நடந்தது நடந்தபடி, ஒரு பக்கம். வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "வேலை போயிரும், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். மறுபடி ஒரு முறை படித்துவிட்டு, "ரெண்டாவது வரில தேதி தப்பாருக்குது, திருத்து" என்று பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

டிசம்பர் 18, வியாழன்

வேலை போகவில்லை. ஆராய்ச்சி லேபுக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. முதலாண்டு லேபில் பிள்ளைகளுக்குச் சோதனைக்குழாய் எடுத்துக் கொடுக்கிறேன். தினமும் நாலு உடைகிறது.

மெஹர் பல்கலைக்கழகத்துக்குச் சிறப்பு மனு போட்டிருக்கிறாள். ஆபீஸ் கிளார்க் நகலைக் காட்டினார். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், மூலப்பொருள் மாறியதை எழுதி, "எடையை நேரில் சரிபார்க்காதது என் தவறு" என்று முடித்திருந்தாள். என் பெயர் அதில் எங்கும் இல்லை. என் கடிதத்தையும் மனுவோடு சேர்த்து அனுப்பச் சொன்னேன். "உனக்கெதுக்கம்மா இந்த வேலை?" என்றார். அனுப்பாவிட்டால் நானே தபாலில் போடுவேன் என்று சண்டை பிடித்தேன்.

டிசம்பர் 26, வெள்ளி

இன்று தொண்ணூறாம் நாள். முதல் இரண்டு பேட்சுக்கு முந்தாநாளே முடிந்திருக்கும். எனக்குத் தெரிவிக்க யாருக்கும் கடமையில்லை.

மத்தியானம் போனில் ஒரு செய்தி. மெஹரிடமிருந்து. "ஒன்று: 5. இரண்டு: 6. மூன்று: 44." வேறு ஒரு எழுத்து இல்லை.

ஐந்தும் ஆறும்! விரிசல் முட்டை தொண்ணூறு நாள் தாங்கிவிட்டது! சோதனைக்குழாய் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பையன், "ஏனுங்க மேடம் சிரிக்கறீங்க?" என்றான்.

டிசம்பர் 31, புதன்

பதில் வரவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

டைரி தீர்ந்துவிட்டது. பின்னால் முகவரி எழுதும் பக்கத்தில் எழுதுகிறேன்.

ஆறு மாத நீட்டிப்புக் கிடைத்துவிட்டது! இரண்டு கடிதத்தையும் படித்த பிறகுதான் குழு ஒத்துக்கொண்டதாம். ஒரு நிபந்தனை. மூன்றாவது பேட்சைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒவ்வொரு எடைக்கும் இரண்டாவது ஆள் ஒருவர் கூட நின்று பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஓடிப்போய் மெஹரைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. எந்த முகத்தோடு போவது?

ஜனவரி 12, திங்கள்

காலை பதினோரு மணிக்கு முதல்வர் கூப்பிட்டனுப்பினார். போனால் பேராசிரியரும் மெஹரும் இருந்தார்கள். மெஹர் என்னைப் பார்க்காமல் முதல்வரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாட்சிக்கு யாராவது விரிவுரையாளரப் போட்டுக்கச் சொன்னா, இந்தப் பொண்ணு உங்க பேரக் குடுத்திருக்குது" என்றார் முதல்வர். "ஏம்மா, தெரிஞ்சுதான் சொல்றியா? தப்புப் பண்ணுனதே இவங்கதான?"

"ஆமாங்க சார்" என்றாள் மெஹர். "எங்கிட்ட ரெண்டரை மாசம் மறைச்சாங்க. அதுக்கு எனக்கு இன்னும் கோவம் தீரலை. ஆனா யாரும் கண்டுபிடிக்கலை சார். கண்டுபிடிச்சிருக்கவும் மாட்டோம். அவங்களா வந்து சொன்னாங்க, வேலை போகும்னு தெரிஞ்சும். இந்தக் காலேஜ்ல அவங்க கையெழுத்துத்தான் எனக்கு வேணும்."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். முதல்வர் என் பழைய உத்தரவை எடுத்து, இந்த ஒரு வேலைக்கு மட்டும் விலக்கு என்று ஓரத்தில் எழுதினார்.

இருபத்தைந்து நாளுக்குப் பிறகு ஆராய்ச்சி லேபுக்குள் போனேன். தராசு தூசியில்லாமல் இருந்தது. குடுவையை அவளே கழுவி வைத்திருந்தாள். நன்றாகத்தான் கழுவியிருந்தாள், ஆனாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மெஹர் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"லேபிளச் சத்தமாப் படிங்கக்கா."

"முட்ட லெசித்தின். மூணாவது தட்டு. பாப்பாயி வூட்டு விரிசல் முட்ட."

அவள் கரண்டியால் துளித்துளியாகத் தட்டில் போட்டாள். 588. 597. 602. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ரெண்டு எச்சு" என்றேன். பொடி அளவு எடுத்தாள். எண்கள் ஆடி நின்றன. 600.

அவள் தன் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள். பத்தொன்பது வருடமாக இந்த லேபில் என் கைபடாத எடை இல்லை. ஆனால் உதவியாளர் பெயரை எழுத எந்தப் பதிவேட்டிலும் இடம் இருந்ததில்லை. இன்று மெஹரே அளவுகோல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் கீறி வைத்திருந்தாள்.

எழுத்துக் கோணலாக இருந்தாலும் படிக்க முடிகிறது. எடை சரி, பொருள் சரி, நான் பார்த்தேன். நாமகிரி.